தாமே வந்து சேர்ந்தவர்கள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் உதவித்தொகை பெறாத வீரரின் பாதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கால்பந்து எனப்படுவது, உலகின் பிற பகுதிகளில் அப்பெயரால் அறியப்படும் ஆட்டத்தினின்று முற்றிலும் வேறானது. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும், அணிக்குப் பதினொருவர் வீதம் களத்தில் நின்று, கஜம் கஜமாக எதிரணியின் எல்லையை நோக்கி முன்னேறும் ஆட்டம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லூரி மாணவர்களிடையே தொடங்கிய அவ்வாட்டம், இன்று ஒரு லட்சம் பேர் அமரும் அரங்குகளையும் பெரும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களையும் உடைய தொழிலாக வளர்ந்திருப்பதோடு, என்.எஃப்.எல். எனப்படும் தொழில்முறைச் சங்கத்தின் 32 அணிகளுக்கும் வீரர்களை உருவாக்கித் தரும் களமாகவும் அமைந்துள்ளது. பள்ளிப் படிப்பை முடித்து மூன்றாண்டுகள் கழியாத எவரும் என்.எஃப்.எல். அணிகளில் சேர இயலாது என்ற விதி இருப்பதால், அத்தொழிலை விரும்பும் இளைஞர் ஏறத்தாழ அனைவருக்கும் பல்கலைக்கழக அணியே வாயிலாகிறது. அவ்வாயிலில் அழைப்பின்றி வந்து நிற்கும் ஒரு வகை மாணவரைப் பற்றியதே இச்சொற்பொழிவு.

பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் பள்ளி மாணவர்களை அவர்தம் பதினாறு, பதினேழு வயதிலேயே தேடிச் சென்று, ஆட்டப் பதிவுகளைப் பார்த்து, உயரத்தையும் எடையையும் ஓட்ட வேகத்தையும் குறித்துக்கொண்டு, தகுதியுடையோர் எனக் கருதுவோருக்கு விளையாட்டு உதவித்தொகை அளிக்க முன்வருகின்றனர். அவ்வுதவித்தொகை கல்விக் கட்டணம், விடுதி, உணவு, நூல்கள் ஆகிய செலவுகளை ஏற்றுக்கொள்கிறது. அத்தகைய அழைப்பு ஏதுமின்றி, தம் குடும்பச் செலவிலோ கடனிலோ பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, பின்னர் அணியிலும் இடம் கேட்டுப் பெறுபவர் 'வாக்-ஆன்' எனப்படுகிறார். இவர்களுள் இரு பிரிவினர் உண்டு: பணம் தர இயலாது, ஆனால் அணியில் இடம் உண்டு எனப் பயிற்சியாளரால் முன்கூட்டியே உறுதி கூறப்பட்டவர் ஒரு வகை, எவ்வித உறுதியுமின்றி, வளாகத்தில் நடக்கும் திறந்த தேர்வுக்குச் சென்று தம்மை மெய்ப்பித்துச் சேர்பவர் மற்றொரு வகை. இரு வகையினரும் உதவித்தொகை பெறுவோருடன் ஒரே களத்தில் ஒரே நேரம் உழைக்கின்றனர். பருவ முடிவில் கட்டணச் சீட்டு மட்டும் இவர்கள் வீட்டுக்கு வருகிறது.

வாக்-ஆன் வீரரைப் பற்றிப் பொதுமக்கள் மனத்தில் பதிந்துள்ள சித்திரம் பெரிதும் 1993-இல் வெளிவந்த 'ரூடி' என்னும் திரைப்படத்தால் உருவானது. நோட்டர்டேம் பல்கலைக்கழக அணியில் ஆண்டுக்கணக்கில் பயிற்சிக் களத்திலேயே அடிபட்டுக் கிடந்து, 1975-ஆம் ஆண்டு ஜார்ஜியா டெக் அணிக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நொடிகளில் களமிறக்கப்பட்ட டேனியல் ரூட்டிகரின் வாழ்வை அப்படம் கூறுகிறது. அது நெஞ்சைத் தொடும் கதையே. எனினும் ரூட்டிகர் தொழில்முறை ஆட்டத்திற்குச் சென்றவர் அல்லர். அக்கதையை அளவுகோலாகக் கொண்டதால், வாக்-ஆன் என்றாலே திறமை குறைந்த, மனவுறுதி மிகுந்த மாணவர் என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது. என்.எஃப்.எல். அணிகள் மனவுறுதிக்காக மட்டும் எவருக்கும் ஊதியம் தருவதில்லை. அங்குச் சென்று நிலைத்த வாக்-ஆன் வீரர்கள் உண்மையாகவே உயர்ந்த திறமை படைத்தவர்கள். அத்திறமை பதினேழு வயதில் வெளிப்படாமலோ, வெளிப்பட்டும் காணப்படாமலோ போயிற்று என்பதே நேர்ந்தது. அவர்களுக்குக் கிட்டியது காலம். அக்காலத்திற்கான விலையை அவர்களே செலுத்தினர். இச்சொற்பொழிவு வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே.

வாக்-ஆன் முறை பெரிய அளவில் வளர்ந்ததற்குக் காரணம் ஓர் எண்ணிக்கை. கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ., ஓர் அணி எத்தனை பேருக்கு உதவித்தொகை தரலாம் என்பதற்கு 1973-இல் 105 என்ற உச்சவரம்பை விதித்தது. அதற்கு முன்னர்ச் செல்வமுள்ள பல்கலைக்கழகங்கள், தமக்குத் தேவையான வீரர்களை மட்டுமன்றி, எதிரணிக்குச் சென்றுவிடக் கூடாதே என்று கருதிய வீரர்களையும் உதவித்தொகை தந்து தம்மிடம் வைத்துக்கொள்ள முடிந்தது. செலவைக் கட்டுப்படுத்தவும் அணிகளிடையே சமநிலையைப் பேணவும் வந்த அவ்வரம்பு, 1978-இல் 95 ஆகவும், 1990-களின் முற்பகுதியில் படிப்படியாகக் குறைந்து 1994-இல் 85 ஆகவும் ஆயிற்று. ஆனால் காயங்கள் மிகுந்த இவ்வாட்டத்தில், தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு ஒரு பதினொருவர், உதைப்பதற்கும் உதைத்த பந்தைப் பெறுவதற்கும் தனிக் குழுக்கள், அவரவர்க்கு மாற்று வீரர்கள், பயிற்சியில் எதிரணியாக நிற்போர் எனக் கணக்கிட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் தேவைப்படுகின்றனர். 85-க்கும் அத்தேவைக்கும் இடையிலான வெற்றிடமே வாக்-ஆன் வீரர்களின் இருப்பிடமாயிற்று.

இவ்வெற்றிடத்தை முதலில் நன்கு உணர்ந்து பயன்படுத்தியது நெப்ராஸ்கா பல்கலைக்கழகம். மக்கள்தொகை குறைந்த, வேளாண்மை சார்ந்த அம்மாநிலத்தில் பெரிய பல்கலைக்கழக அணி ஒன்றே ஒன்றுதான். மாநிலத்துக் கிராமப்புறச் சிறுவர் அனைவரும் அவ்வணியின் சீருடையை அணிவதையே கனவாகக் கொண்டு வளர்ந்தனர். தலைமைப் பயிற்சியாளர் பாப் டெவனியும், அவரையடுத்து 1973 முதல் 1997 வரை அப்பொறுப்பில் இருந்த டாம் ஆஸ்போர்னும் அச்சிறுவர்களைத் திரளாகச் சேர்த்து, உடலை வளர்த்து, மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் களமிறக்கினர். டெவனியிடம் ஆடிய பேரி அல்வரெஸ் 1990-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தலைமைப் பயிற்சியாளரானபோது, அம்முறையையும் உடன் கொண்டு சென்றார். தலைமுறை தலைமுறையாக வாக்-ஆன் வீரர்களை என்.எஃப்.எல். ஆட்டத்திற்கு அனுப்பிய பெருமை விஸ்கான்சினுக்கு உண்டு. அவர்களுள் மிகப் பெயர்பெற்றவர் ஜே.ஜே. வாட்.

வாட்டின் வாழ்வுப் பாதை சற்று விரிவாகக் காணத்தக்கது. விஸ்கான்சின் மாநிலத்தின் பீவாக்கி என்னும் ஊரைச் சேர்ந்த அவர், பள்ளிப் பருவத்தில் உயர்ந்த மதிப்பீடு பெற்றவர் அல்லர். 2007-இல் மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் 'டைட் எண்ட்' ஆகச் சேர்ந்தார். எதிரணியினரைத் தடுத்து நிறுத்தும் வேலையையும் பந்தைப் பிடிக்கும் வேலையையும் ஒருங்கே செய்யும் ஆட்டக்காரர் அப்பெயரால் குறிக்கப்படுகிறார். முதலாண்டில் அவர் பிடித்தவை எட்டுப் பந்துகளே. அவரைத் தாக்குதல் வரிசையின் தடுப்பாளராக மாற்றப் பயிற்சியாளர்கள் எண்ணியபோது, வாட் உதவித்தொகையைத் துறந்து வீடு திரும்பினார். சிறிது காலம் பீட்சா விநியோகிக்கும் வேலை பார்த்தார். 2008-இல் விஸ்கான்சின் அணியில் வாக்-ஆன் ஆகச் சேர்ந்தார். கையிலிருந்த உதவித்தொகையை விட்டுவிட்டுக் கட்டணம் செலுத்தும் மாணவராகும் முடிவை ஒரு நடுத்தரக் குடும்பம் ஏற்றுக்கொண்டதன் கனத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. மத்திய மிச்சிகன் அணிக்கு அதே 2007-இல் வாக்-ஆன் ஆக வந்து சேர்ந்த மற்றொருவர் அன்டோனியோ பிரவுன், பின்னாளில் என்.எஃப்.எல்.-இல் பந்து பிடிப்போருள் தலைசிறந்தவராகத் திகழ்ந்தவர். ஒரே அணியில் ஒரே ஆண்டில் இருந்த இவ்விரு இளைஞரும் பின்னாளில் எட்டிய உயரம், பதினேழு வயதுத் தேர்வு எவ்வளவு பிழைபடக் கூடியது என்பதற்குப் போதிய சான்று.

அணி மாறிய மாணவர் ஓராண்டு போட்டி ஆட்டங்களில் பங்கேற்காமல் இருக்க வேண்டும் என்ற விதி அக்காலத்தில் இருந்தது. போட்டியில் ஆடாமல், ஆனால் பயிற்சியில் முழுமையாகப் பங்கேற்று, ஆடும் உரிமையுள்ள நான்கு பருவங்களில் ஒன்றையும் இழக்காமல் கழிக்கும் இத்தகைய ஆண்டு 'ரெட்ஷர்ட்' ஆண்டு எனப்படுகிறது. தண்டனை போலத் தோன்றும் இவ்வேற்பாடே வாட்டுக்கு வாய்ப்பாக அமைந்தது. டைட் எண்ட் ஆக வந்தவர் அவ்வாண்டில் தடுப்பு வரிசை வீரராக மாறினார். எடைப்பயிற்சிக் கூடத்தில் உடலைப் புதிதாக அமைத்துக்கொண்டார். அவ்வாண்டு 'ஸ்கவுட் டீம்' எனப்படும் பயிற்சிக் குழுவின் சிறந்த வீரராக அறிவிக்கப்பட்டார்.

ஸ்கவுட் டீம் என்பது வாக்-ஆன் வாழ்வின் மையம் ஆதலால், அது இயங்கும் முறையை அறிதல் நலம். சனிக்கிழமை மோதவிருக்கும் எதிரணியின் ஆட்ட உத்திகளை உதவிப் பயிற்சியாளர்கள் ஒளிப்பதிவிலிருந்து எடுத்து, பெரிய அட்டைகளில் வட்டங்களாகவும் கோடுகளாகவும் வரைந்து வைப்பர். வாரத்தின் நடுநாள்களில், ஒரு பயிற்சியாளர் அட்டையை உயர்த்திப் பிடிக்க, ஸ்கவுட் டீம் வீரர்கள் அதைச் சில நொடி பார்த்து மனத்திற் கொண்டு, எதிரணியைப் போலவே அணிவகுத்து நின்று, எதிரணி போலவே ஓடுவர். எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் அணியும் எண்ணைச் சிற்சமயம் அவர்களுள் ஒருவர் மார்பிலும் காணலாம். அவர்களுக்கு எதிரே முதல்நிலை வீரர்கள் முழு வலிமையுடன் மோதிப் பழகுவர். ஆட்டம் முடிந்ததும் அட்டை மாறும், மீண்டும் அணிவகுப்பு, மீண்டும் மோதல். சனிக்கிழமை வெளியூர் ஆட்டம் எனில், பயணக் குழுவின் அளவுக்கு வரம்பு இருப்பதால், அவ்வாரம் முழுதும் அடிவாங்கியவர்களுள் பலர் விடுதியில் இருந்தபடியே தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்ப்பர்.

ஆயினும் இப்பணியில் ஒரு கல்வி உள்ளது. அதைக் கற்கும் வாய்ப்பு முதல்நிலை வீரருக்கே கிடைப்பதில்லை. வாரந்தோறும் வேறுவேறு அணிகளின் உத்திகளை உடலால் நடித்துக் காட்டும் மாணவர், ஒரு பருவத்திற்குள் பத்துப் பன்னிரண்டு ஆட்ட முறைகளை உள்ளிருந்து அறிந்துவிடுகிறார். அதோடு, நாட்டின் மிக வலிய வீரர்களுடன் நாள்தோறும் மோதி, தம் நிலை இன்னதென ஐயமின்றி உணர்கிறார். பின்னாளில் என்.எஃப்.எல். அணிகளின் முதல் தேர்வாகச் செல்லவிருந்த தாக்குதல் வரிசைத் தடுப்பாளர்களைப் பயிற்சியில் மீறிச் சென்றதாலேயே வாட் கவனிக்கப்பட்டார். 2009-இல் முதல்நிலைக்கு வந்து, 2010-ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின் தொழில்முறைத் தேர்வுக்கு அவர் பெயர் கொடுத்தபோது, எடை 290 பவுண்டு, அதாவது சுமார் 131 கிலோ. 2011-இல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி அவரைப் பதினோராவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. 2012, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் என்.எஃப்.எல்.-இன் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதை அவர் பெற்றார்; முதலிரண்டு முறையும், எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கைப் பந்து எறியும் முன்பே வீழ்த்தும் 'சாக்' என்னும் சாதனையை ஒரே பருவத்தில் 20.5 முறை நிகழ்த்தியிருந்தார். (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஒவ்வொருவருக்கும் அரை எனக் கணக்கிடுவர்.) இத்தகையவர்தான் 2008-இல் உதவித்தொகை ஏதுமின்றி விஸ்கான்சின் அணியில் சேர்ந்தவர்.

வாட்டின் கதையில் உடல் வளர்ச்சி முதன்மை பெறுகிறது. கிளே மேத்யூஸ் கதையும் அவ்வாறே. அவருடைய தந்தையும் பாட்டனாரும் என்.எஃப்.எல். வீரர்கள்; எனினும் பள்ளியில் தந்தையே தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்தும், உடல் சிறுத்திருந்ததால் இறுதியாண்டு வரை மகன் முதல்நிலைக்கு வரவில்லை. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2004-இல் வாக்-ஆன் ஆகச் சேர்ந்து, 2006-இல் உதவித்தொகை பெற்று, 2009-இல் கிரீன் பே பாக்கர்ஸ் அணியால் இருபத்தாறாவது வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே பாக்கர்ஸ் அணியின் ஜோர்டி நெல்சன் கதையில் இடமாற்றம் முதன்மை பெறுகிறது. கான்சஸ் மாநிலத்து வேளாண் குடும்பத்தில் பிறந்து, கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தடுப்பு வீரராக வாக்-ஆன் ஆனவர், பந்து பிடிப்பவராக மாற்றப்பட்டு, 2007-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 122 பந்துகளைப் பிடித்தார். 2011 பிப்ரவரியில் பாக்கர்ஸ் அணி 31-25 என வென்ற சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில், நெல்சன் ஒன்பது பந்துகளைப் பிடித்து 140 கஜம் ஈட்டினார். நான்காம் கால்பகுதியின் தொடக்கத்தில் எதிரணி வீரர் கையிலிருந்த பந்தை மோதி உதிரச் செய்து ஆட்டத்தின் போக்கை மாற்றியதில் மேத்யூஸுக்குப் பங்கு இருந்தது. உலகிலேயே மிகுதியாகப் பார்க்கப்படும் ஆட்டங்களுள் ஒன்றின் முடிவைத் தீர்மானித்தவர்களுள் இருவர், கல்லூரிக்கு அழைப்பின்றிச் சென்றவர்கள்.

ஹன்டர் ரென்ஃப்ரோவின் கதை இவற்றினும் நுட்பமானது. ஏனெனில் அவர் உடல் பெரிதாக வளரவே இல்லை. தென் கரோலினாவைச் சேர்ந்த அவர், அதே மாநிலத்திலுள்ள கிளெம்சன் பல்கலைக்கழகத்திற்கு 2014-இல் வந்தபோது அவர் எடை சுமார் 70 கிலோ. சிறிய பல்கலைக்கழகம் ஒன்று உதவித்தொகை தர முன்வந்தும், அதை ஏற்காமல் கிளெம்சனில் வாக்-ஆன் ஆனார். அங்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டாபோ ஸ்வினி, அலபாமா பல்கலைக்கழகத்தில் தாமே வாக்-ஆன் ஆக ஆடியவர் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கதவுக்கு வெளியே நின்றவர்க்கே கதவின் அருமை தெரியும். 2017 ஜனவரி 9 அன்று, அதே அலபாமாவுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு நொடி எஞ்சியிருந்தபோது, கிளெம்சன் குவாட்டர்பேக் டெஷான் வாட்சன் எறிந்த பந்தை எல்லைக்குள் பிடித்து 35-31 என வெற்றியை உறுதி செய்தவர் ரென்ஃப்ரோ. தொழில்முறைத் தேர்வுக்கு முன்னான அளவெடுப்பில் அவர் விரித்த கையின் அகலம் ஏழே முக்கால் அங்குலம் எனக் குறிக்கப்பட்டது. பந்து பிடிப்பவருக்கு அது மிகச் சிறிய கை. 2019-இல் ஐந்தாம் சுற்றில், 149-ஆவது வீரராகவே ரெய்டர்ஸ் அணி அவரை எடுத்தது. 2021-ஆம் ஆண்டுப் பருவத்தில் அச்சிறிய கைகளால் அவர் பிடித்த பந்துகள் 103. தம்மைத் தடுக்க வருபவரின் கால் எந்தப் பக்கம் ஊன்றும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து திரும்பும் திறனே அவர் வலிமை. அதை அளக்கும் கருவி எந்தக் கூடத்திலும் இல்லை.

கல்லூரியிலிருந்து தொழில்முறைக்குச் செல்லும் வாயிலின் அமைப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தையொட்டி நடக்கும் 'டிராஃப்ட்' என்னும் தேர்வில், 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறைவைத்துச் சுமார் 250 வீரர்களை எடுத்துக்கொள்கின்றன. அதற்கு முன், முன்னணி வீரர்கள் இண்டியானபொலிஸ் நகரில் அளவெடுப்புக்கு அழைக்கப்படுகின்றனர். அவ்வழைப்பும் கிட்டாதோர், தத்தம் பல்கலைக்கழகத்தில் நடக்கும் 'புரோ டே' என்னும் நாளில், அணிகளின் பார்வையாளர்கள் முன்னிலையில் நாற்பது கஜம் ஓடியும், 225 பவுண்டு எடையை இயன்ற முறை தூக்கியும், நின்ற இடத்திலிருந்து உயரத் தாண்டியும் காட்டுகின்றனர். டிராஃப்டிலும் பெயர் வராதோர்க்கு, அது முடிந்த சில மணி நேரத்திலேயே அணிகளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வரலாம். கோடைப் பயிற்சிக்கு ஓர் அணி 90 பேரை வைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்குமுன் அது 53 ஆகக் குறைய வேண்டும். நீக்கப்பட்டோருள் சிலர் பயிற்சிக் குழுவில் குறைந்த ஊதியத்தில் தொடர்கின்றனர். டிராஃப்டில் எடுக்கப்படாத வீரர் 53-க்குள் வருவதற்குப் பெரும்பாலும் ஒரே வழி, உதைத்த பந்தின் பின்னே ஓடுவது, உதைத்த பந்தைப் பெற்று ஓடுவது போன்ற சிறப்புக் குழுப் பணிகளை முகம் சுளிக்காமல் செய்வது. வாக்-ஆன் ஆக இருந்தவர்க்கு அது புதிய பாடமன்று. கல்லூரியில் முதற்கண் அவர் களம் கண்டதே அவ்வழியில்தான்.

விஸ்கான்சினின் டோனி என்னும் சிற்றூரிலிருந்து வந்த ஜிம் லெனார்ட் அவ்வழியே சென்றவர். ஐந்தடி எட்டங்குலமே உயரமுள்ள அவர், எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடிக்கும் சாதனையைக் கல்லூரியில் 21 முறை நிகழ்த்தியும், 2005-ஆம் ஆண்டு டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. பஃபலோ பில்ஸ் அணியில் சேர்ந்து, உதைத்த பந்தைப் பெற்று ஓடும் பணியும் ஆற்றி, பத்துப் பருவங்கள் என்.எஃப்.எல்.-இல் நிலைத்து நின்றார். பின்னர் விஸ்கான்சினுக்கே திரும்பிப் பயிற்சியாளரானார். விருதுகள் குவித்த வாட்டைவிட, பத்தாண்டு தாக்குப்பிடித்த லெனார்டே வாக்-ஆன் முறையின் இயல்பான வெற்றிக்கு உரிய எடுத்துக்காட்டு எனலாம்.

பேக்கர் மேஃபீல்டின் வழக்கு சட்டநோக்கிலும் கருதத்தக்கது. குவாட்டர்பேக்கான அவர் 2013-இல் டெக்சஸ் டெக் அணியில் முதலாண்டு வாக்-ஆன் மாணவராகவே பருவத்தின் முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர். உதவித்தொகை கிட்டாமல் ஓக்லஹோமாவுக்கு மாறி, அங்கும் வாக்-ஆன் ஆகச் சேர்ந்தார். இரு பல்கலைக்கழகங்களும் அப்போது 'பிக் 12' என்னும் ஒரே கூட்டமைப்பில் இருந்தன. அதற்குள் அணி மாறுபவர் ஓராண்டு காத்திருப்பதோடு ஆடும் உரிமையிலும் ஓராண்டை இழக்க வேண்டும் என்பது அன்றைய விதி. எழுத்துமூலம் உதவித்தொகை பெறாத மாணவரை, உதவித்தொகை பெற்றவரைப் போலக் கட்டிவைப்பது எவ்வாறு நியாயம் என்ற வினா எழுந்தது. 2016 ஜூன் மாதத்தில் அக்கூட்டமைப்பின் வாக்கெடுப்பில் விதித்திருத்தம் முதலில் 5-5 எனத் தோற்று, மறுநாள் மாற்றங்களுடன் 7-3 என நிறைவேறியது. அவ்வாறு மீட்கப்பட்ட 2017-ஆம் ஆண்டுப் பருவத்தில்தான் மேஃபீல்ட், கல்லூரிக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் விருதைப் பெற்றார். 2018-ஆம் ஆண்டு டிராஃப்டில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி அவரை முதல் வீரராகவே எடுத்தது. மறுநாள் நடந்த அவ்வாக்கெடுப்பும் தோற்றிருந்தால் அப்பருவமே இல்லை.

வாக்-ஆன் ஆகத் தொடங்கியவர்களுள் சிறந்தவருக்கு 2010 முதல் வழங்கப்படும் விருது, பிராண்டன் பர்ல்ஸ்வொர்த் பெயரைத் தாங்கியது. ஆர்க்கன்சஸ் அணியில் வாக்-ஆன் ஆகச் சேர்ந்து, தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடியுடன் ஆடிப் பெயர்பெற்று, படிப்பில் முதுகலைப் பட்டமும் முடித்த அவரை, 1999 ஏப்ரலில் இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ் அணி அறுபத்து மூன்றாவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. பதினொரு நாள்களில் சாலை விபத்தில் அவர் உயிரிழந்தார். மேஃபீல்டும் ரென்ஃப்ரோவும் அவர் பெயரிலான விருதைப் பெற்றவர்களே.

இத்தனை வெற்றிகளைக் கூறிய பின், இவற்றின் மறுபக்கத்தைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. வாக்-ஆன் கதவு எல்லார்க்கும் திறந்தது என்பது பாதி உண்மையே. நான்கைந்து ஆண்டுகளுக்குக் கல்விக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் தாங்கக்கூடிய குடும்பத்தின் மகனுக்கே அது எளிதில் திறக்கிறது. நாளின் பெரும்பகுதி வகுப்பிலும் களத்திலும் கழிவதால் வேலை பார்த்துப் படிப்பதும் அரிது. தன் மாநில மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகம் வாங்கும் கட்டணம் குறைவாதலால்தான் நெப்ராஸ்காவிலும் விஸ்கான்சினிலும் இம்முறை உள்ளூர் மரபாகத் தழைத்தது. உணவிலும் வேறுபாடு நிலவியது: உதவித்தொகை பெறுவோருடன் ஒரே களத்தில் வியர்வை சிந்திய பின், அவர்களுக்கான உணவுக்கூடத்தில் அதே உரிமையுடன் அமர வாக்-ஆன் மாணவருக்கு நெடுங்காலம் இடமில்லை. 2014 ஏப்ரலில்தான், வாக்-ஆன் மாணவர் உட்பட அனைத்து வீரர்களுக்கும் தடையின்றி உணவளிக்கலாம் என என்.சி.ஏ.ஏ. விதி மாற்றியது. ஒரு வேளைச் சோற்றை அளிக்க விதித்திருத்தம் தேவைப்பட்டது என்பது, பெரும்பணம் புரளும் ஒரு தொழிலுக்குப் பெருமை சேர்ப்பதன்று. வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்கு அளித்துப் பணம் பெறலாம் என 2021 ஜூலை முதல் அனுமதிக்கப்பட்டதும், யூட்டாவிலுள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் 36 வாக்-ஆன் வீரர்களுக்கும் கல்விக் கட்டண அளவுக்குப் பணம் தர ஒரு தின்பண்ட நிறுவனம் முன்வந்தது. அத்தகைய நற்செயல்கள் சில இடங்களில் நிகழ்ந்தன. அவற்றை நம்பி ஒரு மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க இயலாது.

இன்று இம்முறை அதனினும் பெரிய மாற்றத்தை எதிர்கொண்டுள்ளது. முன்னாள், இந்நாள் வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டை 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். பல்கலைக்கழகங்கள் தம் வருவாயில் ஒரு பகுதியை, முதலாண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, வீரர்களுக்கு நேரடியாக வழங்க அது வழிவகுத்தது. நெடுங்காலம் ஊதியமின்றி உழைத்தோர்க்கு அது நீதியே. அவ்வுடன்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களில் 85 என்ற உதவித்தொகை வரம்பு நீங்கியது. அதற்கு மாற்றாக, கால்பந்து அணியின் மொத்த எண்ணிக்கையே 105-ஐத் தாண்டலாகாது என்ற வரம்பு வந்தது. 1973-இல் 105 என்பது உதவித்தொகை பெறுவோரின் எண்ணிக்கை. அதற்கு அப்பால் எத்தனை பேர் வேண்டுமாயினும் தம் செலவில் சேரலாம் என்பதே வாக்-ஆன் முறைக்கு இடமளித்தது. 2025-இல் அதே 105 அணியின் மொத்த எண்ணிக்கை ஆயிற்று. பணம் படைத்த பல்கலைக்கழகம் 105 இடங்களுக்கும் உதவித்தொகை தரலாம். அங்ஙனம் தந்தால் வாக்-ஆன் மாணவருக்கு ஓரிடமும் எஞ்சாது. இவ்வரம்பால் இடமிழக்கவிருந்த மாணவர்களின் முறையீட்டைச் செவிமடுத்து, நீதிபதி அவ்வாண்டு ஏப்ரலில் ஒப்புதலை நிறுத்தி வைத்ததும், அவர்களை வரம்புக்கு அப்பாற்பட்டோராக வைத்துக்கொள்ள அணிகளுக்கு இசைவளிக்கும் திருத்தம் சேர்ந்த பின்னரே ஒப்பியதும் பாராட்டத்தக்கவை. ஆனால் அவ்விலக்கு அன்று அணியில் இருந்தோரையும் சேர உறுதி பெற்றிருந்தோரையும் சார்ந்தது; இனி வரும் பதினேழு வயதினருக்கு அது பொருந்தாது.

அணி மாற்றம் எளிதானதும் இந்நெருக்கடியைக் கூட்டுகிறது. வேறோர் அணியில் ஏற்கெனவே முதிர்ந்த இருபத்தோரு வயது வீரரை உடனே பெற முடியும்போது, இளைத்த உடலுடன் வரும் மாணவரை மூன்றாண்டு வளர்க்கப் பயிற்சியாளர்க்குப் பொறுமை எங்கிருந்து வரும்? வாட் தம்மைப் புதிதாக அமைத்துக்கொண்ட அந்த ஓராண்டு, ரென்ஃப்ரோ சற்றே எடை கூட்டிய அந்த முதலாண்டு, இன்றைய அணிகளின் கணக்கில் வீணான இடமாகவே தோன்றும்.

எனவே இவ்விதிகளை வகுப்போர், வீரர்களுக்குரிய ஊதியத்தைக் குறைக்காமலேயே, அணிக்கு இருபது வாக்-ஆன் மாணவர்களையேனும் 105 என்ற வரம்புக்கு வெளியே நிரந்தரமாக அனுமதிக்க வேண்டும். அவர்களுள் வறிய குடும்பத்தினருக்குக் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும். பல கோடி டாலரைப் பங்கிடும் நிறுவனங்களுக்கு அச்செலவு பெரிதன்று.